ஆடாமல் இருப்பதும் ஆட்டம்தான்: போக்கர் பாடம் எழுதிய சங்கேத நிபுணர் யார்ட்லியின் கதை

போக்கர் கற்றுக்கொள்ள உட்காரும் எவரும் முதல் நாளிலேயே செய்கிற தப்பு ஒன்று உண்டு. சீட்டு கைக்கு வந்ததும் ஆட ஆரம்பித்துவிடுவார். வந்த சீட்டு காசு வைக்கத் தகுந்ததா என்று பார்ப்பதில்லை. ஆடத்தானே வந்தோம், கவிழ்த்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கவா வந்தோம் என்ற நினைப்பு. ராத்திரி முடிவதற்குள் பை காலி.

இந்தத் தப்பைத் திருத்துவதற்காகவே எழுதியதுபோல 1957-ல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்தது. பெயர் ‘தி எஜுகேஷன் ஆஃப் எ போக்கர் பிளேயர்’. எழுதியவர் ஹெர்பர்ட் யார்ட்லி. அப்போது அவருக்கு வயது 68. போக்கர் மேசையைத் தாண்டி அவருக்கு வேறொரு புகழும் இருந்தது. அமெரிக்க அரசுக்காக மற்ற நாடுகளின் ரகசியத் தந்திகளை உடைத்துப் படித்த சங்கேத நிபுணர் அவர்.

எந்தச் சீட்டை ஆட வேண்டும், எதைக் கவிழ்க்க வேண்டும் என்பதில் அவர் கறாரானவர். ஆனால் சொந்த வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அந்த விதியை மீறினார். அதற்கான விலையைக் கடைசிவரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் மகன்

யார்ட்லி பிறந்தது 1889-ல், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள வொர்த்திங்டன் என்ற சின்ன ஊரில். அப்பா ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர், தந்தியும் அடிப்பார். மகனும் அவரிடமே தந்தி கற்றுக்கொண்டான். 13 வயதில் அம்மா போய்விட்டார்.

ஊரில் மான்டி என்பவரின் மதுக்கடை ஒன்று இருந்தது. கடைக்குப் பின்னால் சீட்டு மேசை. பள்ளிக்கூடப் பையனாக இருந்த யார்ட்லி அங்கேதான் போக்கர் கற்றான். அந்த மேசையில் விவசாயி, வியாபாரி, ஊர் ஊராகச் சரக்கு விற்கும் ஆசாமி என்று எல்லோரும் உட்காருவார்கள். ஒரு விவசாயி நிலத்தில் மிச்சம் இருந்ததையும் பந்தயம் கட்டி, அடுத்த சில நிமிடங்களில் மேசையிலேயே உயிரைவிட்ட கதையை யார்ட்லி பின்னாளில் எழுதினார். செத்தவர் கையில் இருந்தது ஜெயிக்கும் சீட்டு.

யார்ட்லி சொல்லும் கதையில் மான்டிதான் குரு. மற்றவர்கள் பத்து ஆட்டத்தில் ஒன்பதில் காசு போடுவார்கள். மான்டி பெரும்பாலும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆடுவது கொஞ்சம், ஆடினால் நல்ல சீட்டோடு. இதுதான் மொத்தப் பாடமும்.

கவிழ்த்து வைத்தால் என்ன லாபம்?

ரம்மி ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ரம்மியில் முதல் கையிலேயே டிராப் சொன்னால் புள்ளி கொஞ்சம்தான் போகும். மோசமான சீட்டை வைத்துக்கொண்டு கடைசிவரை இழுத்தால் மொத்தமும் போகும். போக்கரில் டிராப் இன்னும் மலிவு. பெரும்பாலான ஆட்டங்களில் ஆரம்பத்தில் எல்லோரும் போடும் சிறு தொகையோடு கணக்கு முடிந்துவிடும்.

யார்ட்லி காலத்தில் வீட்டுக்கு வீடு ஆடியது ஐந்து சீட்டு டிரா போக்கர். ஆளுக்கு ஐந்து சீட்டு கொடுப்பார்கள். ஒரு சுற்றுப் பணம் வைத்த பிறகு, வேண்டாத சீட்டைக் கொடுத்துப் புதிது வாங்கலாம். பிறகு மறுபடியும் பணம். ஆட்டத்தைத் தொடங்க ஒரு ஜோடி ஜாக்காவது கையில் இருக்க வேண்டும் என்பது பலர் வைத்திருந்த விதி.

52 சீட்டுக் கட்டிலிருந்து ஐந்து சீட்டு 25,98,960 விதமாக வரலாம். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், ஒரு ஜோடிகூட இல்லாத வெறும் சீட்டு. ஜாக் ஜோடியோ அதற்கு மேலோ வருவது 100-ல் சுமார் 21 முறைதான். அதாவது ஐந்து தடவை சீட்டு வாங்கினால் ஒரு தடவைதான் ஆட்டத்தைத் தொடங்கும் தகுதியே வருகிறது. மீதி நாலு தடவை உள்ளே போகிறவர், இன்னொருவரின் நல்ல சீட்டுக்கு எதிராகப் போகிறார்.

ஒருவரிடம் ஜாக் ஜோடி, இன்னொருவரிடம் 5 ஜோடி என்று வைத்துக்கொள்ளலாம். 5 வைத்திருப்பவர் மூன்று சீட்டு மாற்றினால் கை தேறும் வாய்ப்பு 100-ல் 29. அதைத்தான் அவர் நினைத்துக்கொள்வார். ஆனால் ஜாக் வைத்திருப்பவருக்கும் அதே 29 உண்டு என்பது மறந்துபோகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சின்ன ஜோடி ஜெயிப்பது நாலு தடவைக்கு ஒன்றுகூட இல்லை.

இன்னொரு பொறி, நடுவில் ஓட்டை விழுந்த வரிசை. கையில் 5, 6, 8, 9 இருக்கிறது, 7 வந்தால் ஜம்மென்று இருக்கும். பார்க்காத 47 சீட்டில் 7 இருப்பது நாலுதான். பன்னிரண்டு தடவைக்கு ஒன்று. அந்த ஒரு தடவை வந்ததை ஆயுசுக்கும் மறக்க மாட்டோம். வராத பதினொன்று மறந்துவிடும். ஆரம்பத்தில் ஆடுபவரின் பணம் போவது இந்த மறதியில்தான்.

உட்காரும் இடமும் முக்கியம். முதலில் பேச வேண்டியவருக்கு, பின்னால் இருப்பவர்களிடம் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் அந்த இடத்தில் வெறும் ஜாக் ஜோடி போதாது, அதைவிடப் பெரிய ஜோடி வேண்டும். கடைசியாகப் பேசுபவர் மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். அதே ஜாக் ஜோடி அங்கே தைரியமாக ஆடலாம்.

ஐந்து சீட்டு ஸ்டட் என்ற ஆட்டத்தில் முதல் சீட்டு மூடியிருக்கும், அடுத்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இன்னும் எளிமையான விதி. தன் இரண்டு சீட்டும் சேர்ந்து, மேசையில் தெரிகிற மற்றவர் சீட்டை மிஞ்சவில்லை என்றால் கவிழ்த்துவிட வேண்டும். அப்போதே தோற்றுக்கொண்டிருக்கும்போது மேலே பணம் போட ஒரு காரணமும் இல்லை.

சீட்டிலிருந்து சங்கேதத்துக்கு

பள்ளிப் படிப்பு முடிந்தபின் யார்ட்லி சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒரு வருடத்தில் திரும்பி வந்து ரயில்வேயில் தந்தி அடித்தார். 1912-ல் அரசுத் தேர்வு எழுதி, வாஷிங்டனில் வெளியுறவுத் துறையில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 900 டாலர். வேலை, சங்கேதத் தந்திகளைக் கையாள்வது.

ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தச் சங்கேதங்கள் உண்மையிலேயே பத்திரமானவையா? அதிபர் உட்ரோ வில்சனுக்கு அவருடைய நெருங்கிய ஆலோசகர் கர்னல் ஹவுஸ் அனுப்பிய தந்தி ஒன்றை எடுத்துவைத்து உடைக்கப் பார்த்தார். சில மணி நேரத்தில் உடைந்துவிட்டது. நாட்டின் அதிபருக்கு வரும் ரகசியத்தையே ஒரு குமாஸ்தா படிக்க முடிகிறது என்றால், எதிரி நாட்டுக்காரன் படிக்க மாட்டானா?

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. 28 வயது யார்ட்லி ராணுவத்திடம் போய்ப் பேசி, சங்கேதம் உடைக்க ஒரு பிரிவு தொடங்க வைத்தார். அதற்குத் தலைவரும் அவரே. போர் முடிந்ததும் 1919-ல் அந்த வேலை நியூயார்க்குக்கு மாறியது. வெளியே பார்த்தால் வணிகச் சங்கேதப் புத்தகம் தயாரிக்கும் கம்பெனி. உள்ளே நடந்தது மற்ற நாடுகளின் தந்திகளைப் படிக்கும் வேலை. மொத்தம் 45,000 தந்திகளை உடைத்ததாக யார்ட்லி கணக்குச் சொன்னார்.

எதிராளியின் சீட்டு தெரிந்தபோது

1921 கடைசியில் வாஷிங்டனில் கடற்படை மாநாடு நடந்தது. எந்த நாடு எத்தனை போர்க்கப்பல் வைத்துக்கொள்ளலாம் என்பதே பேச்சு. அமெரிக்காவுக்கு 10 என்றால் ஜப்பானுக்கு 6 என்றது அமெரிக்கா. ஜப்பான் 7 கேட்டுப் பிடிவாதமாக நின்றது.

அதற்குள் டோக்கியோவிலிருந்து தன் தூதுக்குழுவுக்கு வந்த தந்தியை யார்ட்லியின் ஆட்கள் படித்துவிட்டார்கள். ரொம்ப நெருக்கினால் 6-க்கும் சம்மதிக்கலாம் என்று அதில் இருந்தது. எதிராளி கையில் சின்ன ஜோடிதான் என்று தெரிந்துவிட்டால் யார் விட்டுக்கொடுப்பார்? அமெரிக்கா அசையவில்லை. ஜப்பான் 6-க்கு இறங்கிவந்தது. யார்ட்லிக்கு அமெரிக்க அரசின் உயர்ந்த சேவைப் பதக்கம் கிடைத்தது.

மேசையில் மான்டி கற்றுக்கொடுத்ததுதான் இங்கேயும் பலித்தது. நல்ல சீட்டு இருக்கும்போது மட்டும் நெருக்குவது. வித்தியாசம், இங்கே எதிராளி சீட்டும் தெரிந்திருந்தது.

1931: ஆடக் கூடாத கை

1929-ல் புதிய வெளியுறவு அமைச்சராக ஹென்றி ஸ்டிம்சன் வந்தார். கண்ணியமானவர்கள் அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதில்லை என்பது அவர் கொள்கை. பணம் கொடுப்பதை நிறுத்தினார். அக்டோபர் 31-ல் அலுவலகம் மூடப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் நியூயார்க் பங்குச்சந்தை தலைகுப்புற விழுந்திருந்தது.

40 வயதில் யார்ட்லியிடம் வேலை இல்லை. அவர் கற்ற தொழிலுக்கு வெளியே சந்தையும் இல்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால்கூடச் சொல்ல முடியாது. மனைவி, மகனோடு வொர்த்திங்டனுக்கே திரும்பினார். நாடு முழுக்கப் பொருளாதாரம் சரிந்துகிடந்தது. கையிருப்பு கரைந்தது.

அவரிடம் விற்க மிச்சமிருந்தது ஒன்றுதான்: தெரிந்த ரகசியங்கள். 1931 ஜூன் மாதம் ‘தி அமெரிக்கன் பிளாக் சேம்பர்’ என்ற புத்தகம் வெளிவந்தது. தந்திகளை உடைத்த கதை, 1921 மாநாட்டின் உள்விவகாரம், எல்லாம் அதில் இருந்தன. அமெரிக்காவில் விற்றதைவிட ஜப்பானில் அதிகம் விற்றது. ஜப்பானில் கொந்தளிப்பு. தங்கள் பேச்சுவார்த்தைத் தோல்வியின் காரணம் அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அமெரிக்க அதிகாரிகள் யார்ட்லியைத் துரோகியாகப் பார்த்தார்கள். அடுத்து அவர் எழுதிய ஜப்பானியத் தந்திகள் பற்றிய கையெழுத்துப் பிரதியை 1933-ல் அரசு பறிமுதல் செய்தது. அதே ஆண்டு, அரசுச் சங்கேத ரகசியங்களை வெளியிடுவதைக் குற்றமாக்கி நாடாளுமன்றம் சட்டமே போட்டது. அந்தப் பிரதி வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

தன் பக்க நியாயத்தை அவர் விடவில்லை. அமெரிக்காவின் சங்கேதங்கள் பலவீனமாக இருக்கின்றன என்று நாட்டை எழுப்பத்தான் எழுதினேன் என்றார். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் காசுத் தேவை இல்லாதிருந்தால் எழுதியிருப்பாரா என்ற கேள்விக்கு, அவர் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும் யாருக்கும் பதில் தெரியும். மேசையில் காத்திருக்கக் கற்றவர், பை காலியானபோது காத்திருக்கவில்லை.

சீனாவில் ஒரு மாணவர்

கொஞ்ச காலம் நாவல் எழுதினார். ‘தி பிளாண்ட் கவுன்டஸ்’ என்ற நாவல் 1935-ல் ‘ராண்டெவூ’ என்று ஹாலிவுட் படமானது. 1938-ல் சியாங் கை ஷேக்கின் சீன அரசு அவரை ரகசியமாக வேலைக்கு எடுத்தது. ஜப்பான் குண்டு போட்டுக்கொண்டிருந்த சோங்சிங் நகரில் உட்கார்ந்து ஜப்பானிய ராணுவச் சங்கேதங்களை உடைத்தார்.

அங்கேயும் சீட்டு மேசை இருந்தது. தியோடர் வைட் என்ற இளம் அமெரிக்கப் பத்திரிகையாளர் அவரிடம் போக்கர் கற்றார். அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றி எழுதிப் பின்னாளில் புலிட்சர் பரிசு வாங்கிய அதே வைட்தான்.

1941-ல் கனடாவில் ஒரு சங்கேதப் பிரிவை அமைத்துக் கொடுத்தார். ஆனால் 1931 புத்தகம் அங்கேயும் பின்தொடர்ந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் அவரை நம்பத் தயாராக இல்லை. வேலை போனது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஜப்பானோடு மோதியபோது, ஜப்பானியச் சங்கேதத்தில் பழுத்த இந்த ஆளுக்கு அந்தத் துறையில் இடமில்லை. விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார்.

கடைசிப் புத்தகம்

1957-ல் வந்த போக்கர் புத்தகம்தான் அவருக்கு நல்ல பெயரைத் திருப்பிக் கொடுத்தது. கதையும் பாடமும் கலந்த நடை. மான்டி கடையில் நடந்தது, சீனாவில் நடந்தது என்று கதை போகும். நடுநடுவே எந்த ஆட்டத்தில் என்ன சீட்டோடு உள்ளே போகலாம் என்று பட்டியல் வரும். பிரிட்டிஷ் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங்.

ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான அல் ஆல்வரெஸ், இந்தப் புத்தகம் தன் ஆட்டத்தை மட்டுமல்ல, வாழ்க்கையைப் பார்க்கும் விதத்தையே மாற்றியதாகச் சொன்னவர். அதற்கு முன் அவர் உணர்ச்சிவசப்பட்டு எல்லாக் கையிலும் காசு போட்டுத் தோற்றவர். பின்னாளில் லாஸ் வேகாஸ் போக்கர் உலகத்தைப் பற்றி அவரே ஒரு நல்ல புத்தகம் எழுதினார்.

புத்தகம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1958 ஆகஸ்ட் 7 அன்று யார்ட்லி இறந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஜப்பானுக்குக் காசு வாங்கிக்கொண்டு ரகசியம் விற்றார் என்ற குற்றச்சாட்டு அவர் மறைவுக்குப் பிறகு எழுந்தது. ஆய்வாளர்களிடையே அதற்கு முழு ஆதரவு இல்லை. 1999-ல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை அவர் பெயரைத் தன் கௌரவப் பட்டியலில் சேர்த்தது.

இன்றைக்கு அந்தப் பாடம் செல்லுமா?

இன்று உலகம் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம். கையில் இரண்டே சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. யார்ட்லியின் பட்டியலை அப்படியே இதில் பொருத்த முடியாது. அடிப்படை மட்டும் மாறவில்லை.

இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். சின்னங்களை ஒதுக்கிப் பார்த்தால் 169 வகை. ஏதாவது ஒரு ஜோடி வருவது 17 தடவைக்கு ஒன்று. ஏஸ் ஜோடி 221 தடவைக்கு ஒன்று. ஒன்பது பேர் ஆடும் மேசையில் புதியவர் ஐந்து கையில் ஒன்றை ஆடினாலே தாராளம் என்பதுதான் பொதுவாகச் சொல்லிக் கொடுப்பது. பெரிய ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ராஜா-ராணி மாதிரியான கைகள் முதலில். முதலில் பேசும் இடம் என்றால் இன்னும் கறார், கடைசி இடம் என்றால் கொஞ்சம் தளர்வு.

புதியவரை ஏமாற்றும் கைகள் இரண்டு. ஒன்று, ஏஸ் கூடவே ஒரு சின்னச் சீட்டு. ஏஸ் இருக்கிறதே என்று உள்ளே போவார். எதிரில் ஏஸ்-ராஜா இருந்தால் ஏஸ்-5 நாலில் மூன்று தடவை தோற்கும். ஏஸ் வந்து விழுந்தால் இன்னும் ஆபத்து, சந்தோஷத்தில் நிறையப் பணம் போகும்.

இரண்டாவது, ஒரே சின்னத்தில் வந்த இரண்டு சொத்தைச் சீட்டு. ஃப்ளஷ் அடிக்கலாம் என்ற ஆசை. நடுவில் விழும் முதல் மூன்று சீட்டிலேயே ஃப்ளஷ் அமைவது 100-க்கு ஒன்றுகூட இல்லை. ஒரே சின்னம் என்பதால் ஜெயிக்கும் வாய்ப்பு கூடுவது மூன்று சதவீதம் போலத்தான்.

எல்லாவற்றிலும் மோசமான கை என்று பேரெடுத்தது, வேறு வேறு சின்னத்தில் வரும் 7-ம் 2-ம். ஒரே ஒரு எதிராளி, அவர் சீட்டும் எதுவாகவும் இருக்கலாம் என்றால் அதுவும் 100-ல் 35 தடவை ஜெயிக்கும். வம்பு அங்கேதான் இருக்கிறது. மோசமான சீட்டு எப்போதும் தோற்றால் யாரும் ஆட மாட்டார்கள். அவ்வப்போது ஜெயிப்பதால், ஆடியது சரிதான் என்று தோன்றிவிடுகிறது. ஒரு கை ஜெயித்ததா என்று பார்க்கக் கூடாது, அதை ஆடியது சரியா என்று பார்க்க வேண்டும். நிலத்தைப் பந்தயம் வைத்த அந்த விவசாயி கையிலும் ஜெயிக்கும் சீட்டுதான் இருந்தது.

யார்ட்லியின் முறைக்கும் குறை உண்டு. நல்ல சீட்டுக்கு மட்டும் ஆடும் ஆளை அனுபவசாலிகள் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். அவர் பணம் வைத்தால் மற்றவர்கள் கவிழ்த்துவிடுவார்கள், பெரிய சீட்டு வந்தும் சில்லறைதான் கிடைக்கும். அதனால் இன்றைய தேர்ந்த ஆட்டக்காரர்கள் இன்னும் அதிகக் கைகளை ஆடுகிறார்கள், இடையிடையே சீட்டில்லாமலும் மிரட்டிப் பார்க்கிறார்கள். அது அடுத்த வகுப்புப் பாடம். முதல் வகுப்பைத் தாண்டாதவருக்கு அது நஷ்டம்தான்.

விதி சுலபம், அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். காத்திருக்க வேண்டுமென்றால் காத்திருக்கும் அளவுக்குக் கையில் பணம் வேண்டும். வாடகைப் பணத்தோடு மேசையில் உட்கார்ந்தவருக்கு 7-ம் 2-ம்கூட நல்ல சீட்டாகத்தான் தெரியும். 1931-ல் யார்ட்லிக்கு அப்படித்தான் தெரிந்தது. அவரைவிட நன்றாக அந்த விதியை அறிந்தவர் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?